அம்மாச் செடி யாருடையது

செடெனாக்
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் கேப்ரியலும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன தடவை அனுப்பிய தைலம் உங்கள் காலுக்கு வந்ததா, இல்லை வேறு யாராவது வயசான சகோதரிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டீர்களா? ஊர் உலகமே வாட்ஸ்அப்பில் பேசுகிறது. நீங்கள் மட்டும் மாதம் ஒரே ஒரு கடிதம் எழுதலாம் என்கிற அடைப்பு மடத்தில் போய் உட்கார்ந்துவிட்டீர்கள். அதனால் என் வயிற்றெரிச்சலையும் தபால்தலை ஒட்டித்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. ஜோகூர் பாரு பக்கம் தாவரவியல் பூங்காவில் ஆர்க்கிட் கண்காட்சி. எங்கள் நர்சரியிலிருந்து பன்னிரண்டு செடி போயிருந்தது. அதில் ஒன்று நான் உண்டாக்கியது. கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். வாசலிலேயே செக்யூரிட்டி பையன் மறித்தான்.

“ஆன்ட்டி, பெரிய கேமராவுக்கு பெர்மிட் வேணும் லா.”

“அதோ அந்த நாலு பேரு கழுத்துல தொங்குறது என்னப்பா, சுரைக்காயா?”

“அவங்க கிளப்பு, ஆன்ட்டி.”

“நானும் கிளப்புதான். என் கிளப்புல நான் ஒருத்திதான் மெம்பரு.”

சிரித்துவிட்டான். சட்டையில் காளிதாஸ் என்று பெயர் இருந்தது. விட்டான். உள்ளே போனால், நடு மேடையில், தனி விளக்குப் போட்டு, என் பூ! காய் எலுமிச்சை நிறம். மேல் இதழ் இரண்டும் முறுக்கிக்கொண்டு நிற்கும். நடுவில் நாக்கு மாதிரி தொங்குகிற இதழ் மட்டும் கத்தரிப்பூ நிறம். ஒரு காம்பில் பதினேழு பூ, அக்கா. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கேமராவைக் கண்ணில் வைத்துப் பூவை எடுத்துவிட்டு, கீழே இருந்த அட்டையை நெருக்கிப் பார்த்தேன். ‘டென்ட்ரோபியம் லோஷினி. கலப்பு: மகேஸ்வரன்.’ மகேஸ்வரன் என் பாஸ். லோஷினி அவர் மகள்.

உங்களுக்குத் தெரியாததா? நான் அங்கே இருபத்திரண்டு வருஷமாகத் தண்ணீர் ஊற்றிப் பூ வெட்டுகிற வேலைக்காரி. ஆனால் அந்தச் செடியின் அம்மா, செத்துவிட்டது என்று 2018-இல் பாஸ் குப்பையில் எறிந்த செடி. நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து தேங்காய் மட்டையில் கட்டிப் பிழைக்க வைத்தேன். அடுத்த வருஷம் அது பூத்ததும், பாஸிடம் கேட்டு நர்சரிப் பூ ஒன்றின் மகரந்தத்தைத் தீப்பெட்டியில் கொண்டுவந்து, பல் குத்தும் குச்சியால் வைத்தேன். காய் பிடித்தது. அந்தக் காயையும் தன் காய்களோடு, விதையை முளைக்க வைக்கிற லேப்புக்கு அனுப்பியது பாஸ்தான், அதை மறைக்கவில்லை. மூன்றரை வருஷம் கழித்து முதல் பூ வந்த அன்றே கேட்டேன், “பாஸ், இதுக்கு அமலோற்பவம்னு எங்க அக்கா பேரு வைக்கணும்” என்று. “பாக்கலாம் பாக்கலாம்” என்றார். பார்த்தாகிவிட்டது.

அந்த அட்டையைப் பதினோரு படம் எடுத்தேன். பூவின் படம் ஒன்றை உங்களுக்காக இதனுடன் வைத்திருக்கிறேன். இதை நான் விடப்போவதில்லை. எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள், ஆனால் மனசு மாற வேண்டும் என்று வேண்டாதீர்கள்.

உங்கள் தங்கச்சி,
ஜெசிந்தா


மடம், ஈப்போ
8 செப்டம்பர் 2024, மாதா பிறந்தநாள்

என் அன்புத் தங்கச்சி ஜெசிந்தாவுக்கு,

மரியன்னையின் ஆசீர் உன் வீட்டில் நிறைவதாக. கேப்ரியலுக்கு இரத்தக் கொதிப்பு குறைந்ததா? தைலம் வந்தது. நீ நினைத்தபடியே பக்கத்து அறை சகோதரிக்குக் கொடுத்துவிட்டேன். அவருக்கு என்னைவிட இரண்டு முழங்கால் அதிகம் இருப்பது போல வலி.

படம் வந்தது. எல்லோருக்கும் காட்டிவிட்டு வழக்கப்படி அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். அந்த நிறத்தைப் பார்த்துவிட்டு, நற்கருணை அப்பம் சுடும் அடுப்பை ஒரு சகோதரி கவனிக்காமல் விட்டு ஒரு தட்டு கருகியது. அவ்வளவு அழகு.

ஆனால் ஜெசிந்தா, பெயருக்கா சண்டை? அமலோற்பவம் என்ற பெயரை நான் 1986-இல் இந்த வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வந்தேன். இங்கே நான் சிஸ்டர் வெரோனிக்கா. விட்ட பெயரை நீ பூவில் எழுதி எனக்கு என்ன ஆகப்போகிறது? செய்தவர் யாரென்று சர்வேசுரனுக்குத் தெரியும். மகேஸ்வரன் உனக்கு இத்தனை வருஷம் வேலை கொடுத்தவர். அவர் மகளுக்கும் நல்லது நடக்கட்டும். விட்டுவிடு.

செபத்தில் உன்னை மறக்காத
அக்கா


செடெனாக்
22 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கடிதத்தைப் படிக்கத் தெம்பு வேண்டும்.

சர்வேசுரனுக்குத் தெரியும் என்கிறீர்கள். தெரியட்டும். அவர் கண்காட்சிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வரப்போவதில்லை. வருகிறவர்கள் அட்டையைத்தான் படிக்கிறார்கள்.

பாஸிடம் போனேன். மூன்றாவது ஷெட்டில் உரம் கலந்துகொண்டிருந்தார். என்ன பேசினோம் என்று வார்த்தைக்கு வார்த்தை எழுதுகிறேன்.

“பாஸ், அந்தப் பூவுக்கு லோஷினி பேரு போட்டிருக்கீங்க.”

“ஆமா ஜெசி. வர்ற ஜூன்ல அவளுக்குக் கல்யாணம். அப்பாவோட பரிசு. எப்படி?”

“அது நான் செஞ்ச கலப்பு.”

“யாரு இல்லேன்னா? ஆனா என் ஷெட்டு, என் தண்ணி, என் லேப்பு. உன்னோடது கை மட்டும்தான். கைக்குத்தான் மாசா மாசம் சம்பளம் கொடுக்குறேனே லா.”

“கைக்குக் கொடுத்தீங்க பாஸ், கண்ணுக்குக் கொடுக்கல. குப்பையில கெடந்த அந்தச் செடிய நீங்களும் பாத்தீங்க, நானும் பாத்தேன். உங்களுக்குக் குப்பை தெரிஞ்சிச்சு.”

வேலை செய்துகொண்டிருந்த எல்லாரும் கையை நிறுத்திவிட்டார்கள். நான் குரலைத் தாழ்த்தவில்லை. அதற்கப்புறம் அவரும் ஏதோ சொன்னார், நானும் ஏதோ சொன்னேன். அதை விடுங்கள்.

உங்களுக்குப் பெயர் வேண்டாம் என்றால் அது உங்கள் பாடு. கொடுக்கிறவளுக்கு ஒரு ஆசை இருக்கக்கூடாதா? பதிவு இன்னும் ஆகவில்லையாம். உலகத்தில் எவர் புதுக் கலப்பு செய்தாலும் லண்டனில் ஒரு பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். ஏறிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடாம். அதற்கு முன்னால் நான் போய் நிற்பேன்.

ஜெசிந்தா


மடம், ஈப்போ
20 அக்டோபர் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

உனக்கும் உன் வீட்டாருக்கும் சமாதானம். இங்கே விடாத மழை. அப்பம் சுடுவதற்கு மாவு பதமாக வரமாட்டேன் என்கிறது. என் கால் பரவாயில்லை.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ‘அதை விடுங்கள்’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் தட்டை உடைத்துவிட்டு இப்படித்தான் சொல்வாய். வேலை எப்படிப் போகிறது? மகேஸ்வரன் முகம் கொடுத்துப் பேசுகிறாரா? பதிலில் எழுது. கோபத்தில் எதையும் செய்யாதே.

அக்கா


செடெனாக்
3 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். வேலைக்கு என்ன, அது நன்றாகவே போகிறது. இப்போது பகலில் கொஞ்சம் நேரமும் கிடைக்கிறது.

ஆர்க்கிட் சங்கத்துச் செயலாளர் கமலநாதன் சாரைப் பார்த்தேன். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர். எங்கள் பக்கத்துப் பதிவு விண்ணப்பமெல்லாம் அவர்கள் கமிட்டி பார்த்துத்தான் லண்டனுக்குப் போகிறது. நான் சொன்னதை முழுசும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அம்மா, குச்சி புடிச்சது யாருன்னு ரூல்ல கேக்க மாட்டாங்க. மகரந்தம் வைக்கிறப்ப அம்மாச் செடி யாருக்குச் சொந்தம்? அதுதான் கேள்வி. அது உங்க செடின்னா பேரு வைக்கிற உரிமை உங்களுக்கு. நர்சரிச் செடின்னா அவருக்கு.”

“அது எங்க வீட்டுல இருந்துச்சு சார். பாஸ் எறிஞ்சது.”

“நம்புறேன். கமிட்டிக்கு நம்பிக்கை பத்தாது. ஆதாரம் வேணும். ஏப்ரல் கடைசியில கூட்டம்.”

அம்மாச் செடி போன வருஷம் வேர் அழுகிச் செத்துவிட்டது. ஆனால் அக்கா, 2019-இல் அந்தச் செடியைக் காயோடு ஒரு படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன், ஞாபகம் இருக்கிறதா? கேப்ரியல் எடுத்தான். எங்கள் சமையற்கட்டு வாசலில் செடி தொங்கும். நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என் தலையைக் காணோம், கழுத்தோடு வெட்டிவிட்டான். அந்தக் கோபத்தில்தான் நானே கேமரா வாங்கினேன். அட்டையில் 19-7 என்ற நம்பர், காயில் சிவப்பு நூல். படத்துக்கு முதுகிலும் தேதியும் அம்மா அப்பா விவரமும் எழுதியிருப்பேன், நர்சரிப் பழக்கம். பாஸின் லேப் புத்தகத்திலும் அதே 19-7 இருக்கிறது.

எடுத்த போன் கெட்டுப்போய் எறிந்தாகிவிட்டது. உங்களிடம் போனது ஒன்றுதான் பிரிண்ட். அது இருக்கிறதா? இருக்கிறது, இல்லை, இரண்டில் ஒன்றை உடனே எழுதுங்கள்.

ஜெசிந்தா


செடெனாக்
24 நவம்பர் 2024

மதிப்புக்குரிய சிஸ்டர் அக்கா அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருஷன் கேப்ரியல் எழுதுவது. நீங்கள் சுகமாக இருக்க செபிக்கிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. பிழை இருந்தால் பொறுக்கவும்.

ஜெசிந்தாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பாஸிடம் பேசிய அதே நாள். உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். இப்போது செனாயில் ஒரு பேக்டரி கேண்டீனில் காலை ஐந்தரைக்குப் போய்த் தட்டு கழுவுகிறாள். சோப்புத் தண்ணீரில் கை வெடித்துவிட்டது. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

நான் வாயில்லாதவன், உங்களுக்குத் தெரியும். லாரி ஓட்டுவேன், வீட்டுக்கு வருவேன். விட்டுடு லா என்று நானும் சொன்னேன். “நீ விட்டுடு, நான் விடல” என்றாள். அவள் செய்வது சரி என்று இப்போது எனக்கும் படுகிறது.

தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள். மூன்று வாரம் ஆகிவிட்டது. அந்தப் படத்தை நீங்கள் எறிந்திருந்தால் எறிந்துவிட்டேன் என்று எழுதுங்கள். அதைத் தாங்குவாள். இப்படிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

இப்படிக்குப் பணிவுடன்,
கேப்ரியல்


மடம், ஈப்போ
27 டிசம்பர் 2024

என் தங்கச்சிக்கு,

கிறிஸ்து பிறப்பின் சந்தோஷம் உனக்கும் கேப்ரியலுக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் நாலு வாரமும் எங்களுக்குக் கடிதம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். ஆனால் நவம்பரில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. திருவருகைக் காலத்தைச் சாக்காகச் சொல்ல மாட்டேன்.

உனக்கு வேலை போனது தெரியும். யார் சொன்னார் என்று கேட்டு வீட்டில் சண்டை போடாதே. கைக்குத் தேங்காயெண்ணெய் தடவு.

படம் இருக்கிறது, ஜெசிந்தா.

என் செபப் புத்தகத்தில், இறந்தோருக்கான மன்றாட்டுப் பக்கத்தில், ஐந்தரை வருஷமாக இருக்கிறது. இருக்கக் கூடாது. வருகிற படம் எதுவானாலும் பார்த்துவிட்டு அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும், எங்களுக்கென்று எதுவும் இல்லை. அப்போது மடத்துத் தலைவியாக இருந்த பழைய மதர் எல்லா உறையையும் பிரித்து, உள்ளே இருப்பதன் முதுகில் தேதியும் கையெழுத்தும் போட்டுக் கொடுப்பார். இதிலும் போட்டிருக்கிறார். அன்று சாயங்காலம் நான் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. உன் கை அதில் அப்படியே அம்மாவின் கை. கொடுக்க மனசு வரவில்லை.

இங்கே புதிதாக வருகிற பெண்களைப் பயிற்றுவிக்கிறவள் நான். போன வருஷம் ஒரு இளம் சகோதரி தன் அம்மாவின் படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். பற்றை விடு என்று சொல்லி, அவள் கையாலேயே அதை ஒப்படைக்க வைத்தேன். அழுதாள். என் புத்தகத்தில் உன் படம் இருந்தது.

இப்போதைய மதர் உறையைப் பிரிப்பதில்லை. நான் யாருக்கும் தெரியாமல் இதற்குள் வைத்து அனுப்பியிருக்கலாம். அது இரண்டாவது திருட்டு. எல்லோர் முன்பும் சொல்லிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். அந்தத் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. கொஞ்சம் பொறு.

அக்கா


செடெனாக்
12 ஜனவரி 2025

அக்கா,

இன்று சுகம் விசாரிக்கப் போவதில்லை. இன்று உன்னை நீ என்றுதான் எழுதுவேன். நீ மடத்துக்குப் போகும்வரை அப்படித்தான் கூப்பிட்டேன்.

அறுபத்தோரு வயசில் ஒரு படத்துக்குப் பயப்படுகிறாய். நான் எச்சில் தட்டு கழுவுகிறேன், பயப்படவில்லை. பேக்டரி சூப்பர்வைசர் முதல் கங்காணி மாதிரி கத்துகிற கேண்டீன்காரி வரைக்கும் எவருக்கும் பயப்படவில்லை. கொஞ்சம் பொறு என்கிறாய். ஏப்ரல் பொறுக்குமா?

ஒன்று சொல்கிறேன். முப்பத்தெட்டு வருஷமாகச் சொல்லாதது. நீ மடத்துக்குப் போன அதே மாதம் அம்மா நோயில் படுத்துவிட்டார். பெரியவள் சாமிக்குப் போய்விட்டாள், சின்னவள் பார்த்துக்கொள்ளட்டும் என்று அப்பா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார். மூன்றாம் படிவம், பதினைந்து வயசு. அறிவியலில் வகுப்பில் நான்தான் முதல். வெள்ளைச் சேலையில் நீ வாசலில் நின்றபோது ஊரே அழுதது. என்னை யாரும் பார்க்கவில்லை. நீ எழுதிய கடிதம் ஒன்றிலும், ஏன் ஸ்கூலை விட்டாய் என்று நீயும் கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும் என்றுதானே கேட்கவில்லை?

அந்தக் குச்சி பிடித்த அன்று எனக்கு நாற்பத்தேழு வயசு. அன்றைக்குத்தான் விட்ட இடத்திலிருந்து படித்த மாதிரி இருந்தது. புரிகிறதா உனக்கு? அந்தப் பூவில் உன் பெயரை வைக்க நினைத்தவள் நான். இவ்வளவு கோபத்தையும் வயிற்றில் வைத்துக்கொண்டே நினைத்தேன். நீ எனக்கு அம்மா மாதிரி.

படத்தை அனுப்பு. அனுப்பாவிட்டாலும் வெறுங்கையோடு நான் கூட்டத்துக்குப் போவேன்.

ஜெசிந்தா


மடம், ஈப்போ
4 மார்ச் 2025, சாம்பல் புதனுக்கு முந்தின நாள்

என் ஜெசிந்தா,

நாளையிலிருந்து தவக்காலம், ஈஸ்டர் வரை கடிதம் கிடையாது. அதனால் இன்றே எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

கேட்கவில்லை. நீ சொன்னது உண்மை. பதில் எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. உன் படிப்பை மிதித்துக்கொண்டுதான் நான் இந்தப் படியேறினேன். அதை எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் நான் சொன்னதில்லை. இப்போது உன்னிடம் சொல்கிறேன். என்னை மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம்.

வெள்ளிக்கிழமைதோறும் எல்லோரும் கூடி அவரவர் குற்றத்தைச் சொல்லும் வழக்கம் இங்கே உண்டு. கதவைச் சத்தமாக மூடினேன், மணிக்குத் தாமதமாக வந்தேன், அப்படிப்பட்ட குற்றங்கள். உன் கடிதம் வந்து நாலு வெள்ளிக்கிழமை நான் எழுந்திருக்கவில்லை. ஐந்தாவதில் எழுந்தேன். படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னேன். அந்த இளம் சகோதரி நேரே என்னைப் பார்த்தாள். அவள் பெயரைச் சொல்லியே மன்னிப்புக் கேட்டேன். அதோடு அவள் அம்மாவின் படத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மதரிடம் எல்லோர் முன்பும் கேட்டேன். குற்றம் சொல்ல எழுந்தவள் கோரிக்கை வைப்பது முறையல்ல என்றார். தெரியும் மதர், என்று சொல்லிவிட்டு மறுபடியும் கேட்டேன்.

பயிற்றுவிக்கும் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இப்போது நாள் முழுக்க அப்பம் சுடுகிறேன். ஒழுங்கை மீறியதற்கு மன்னிப்புக் கேட்டேன், படத்தை வைத்திருந்ததற்கு வருத்தப்படவில்லை. இதையும் மதரிடம் சொல்லிவிட்டேன். பிறகு அவரே உட்கார்ந்து, 2019 மே 20-ஆம் தேதி இந்தப் படம் இங்கே வந்தது, தேதியும் கையெழுத்தும் அன்றைய மதருடையது என்று எழுதி, மடத்து முத்திரையும் வைத்துக் கொடுத்தார். இரண்டும் இதனுடன் இருக்கின்றன. அந்த இளம் சகோதரிக்குப் படம் திரும்பக் கிடைத்துவிட்டது.

ஒரே ஒரு காரியம். என் பெயரை அந்தப் பூவுக்கு வைக்காதே. அடக்கத்தினால் சொல்லவில்லை. நானாக விட்ட பெயர் அது. உன்னுடையதை உன்னிடமிருந்து எல்லோரும் சேர்ந்து பிடுங்கினோம். இத்தனை சண்டையும் போட்டுவிட்டுக் கடைசியில் இன்னொருத்திக்குத் தூக்கிக் கொடுப்பாயா? உன் பெயரை எழுது. எழுதக் கூச்சமாக இருக்கும். கூச்சத்தோடேயே எழுது.

உன்
அக்கா


செடெனாக்
4 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்து, தாமதமாக. நான் சுகம். கேப்ரியல் சுகம். இன்று உன் சுகத்தை முழு மனசோடு விசாரிக்கிறேன். அடுப்புச் சூட்டில் தண்ணீர் நிறையக் குடி.

உன் கடிதம் வந்த அன்று சமையற்கட்டில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். கேப்ரியல் பயந்துபோய் வெளியே நின்றுகொண்டான். மன்னிப்பதா என்று கேட்டாய். இன்னும் கோபம் இருக்கிறது. இருந்தாலும் மன்னித்துவிட்டேன். இரண்டும் ஒரே வயிற்றில் இருக்க இடம் இருக்கிறது.

போன சனிக்கிழமை கூட்டம். பூங்காவிலேயே, கண்காட்சிக் கூடத்துக்குப் பின்னால் ஒரு அறை. கேப்ரியல் ஞாயிறு பூசைக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு கூட வந்தான். கமிட்டியில் ஐந்து பேர். பாஸும் வந்திருந்தார். கமலநாதன் சார் படத்தை எல்லோருக்கும் சுற்றவிட்டார். முதுகில் என் எழுத்து: ‘19-7. அம்மா: வீட்டுச் செடி, பாஸ் எறிந்தது. அப்பா: மூன்றாவது ஷெட். 11.2.2019.’ கீழே பழைய மதரின் தேதி. மதரின் கடிதத்தையும் படித்தார். பிறகு பாஸிடம் லேப் புத்தகத்தைக் கேட்டார். 19-7 இருந்தது. பக்கத்தில் பாஸே தன் கையால் ‘ஜெசி’ என்று எழுதியிருந்தார், அக்கா. ஆறு வருஷத்துக்கு முன் எழுதியது, அவருக்கே மறந்துவிட்டது. பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

“மகேஸ்வரன், இந்தச் செடிய நீங்க எறிஞ்சது உண்மையா?” என்று சார் கேட்டார்.

பாஸ் பொய் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும். “எறிஞ்சேன்” என்றார்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். “ஜெசி, கல்யாணப் பத்திரிகையில அந்தப் பூவத்தான் அடிச்சிருக்கேன். ஊருக்கெல்லாம் கொடுத்தாச்சு. பேரு மட்டும் லோஷினின்னு இருக்கட்டும். கலப்பு செஞ்சது நீன்னு போட்டுக்க. திங்கக்கிழமை வேலைக்கு வா, சூப்பர்வைசரா வா. ஷெட்டு பூராவும் உன் பொறுப்பு. என்ன சொல்ற?”

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், ஆசையாக இருந்தது. அந்த ஈரமட்டை வாசனைக்கு எத்தனை மாதமாக ஏங்குகிறேன் தெரியுமா? சூப்பர்வைசர்! ஐந்தரை மணி பஸ் இல்லை, சோப்புத் தண்ணீர் இல்லை. நான் என் வெடித்த கையைப் பார்த்தேன்.

அப்போது என் வாயில்லாப் புருஷன் வாயைத் திறந்தான். “பாஸ், அவ வேலை கேட்டு வரல. பேரு கேட்டு வந்திருக்கா.”

அவ்வளவுதான் சொன்னான். சொல்லிவிட்டு நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டான். எனக்கு எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ.

“லோஷினி நல்ல பொண்ணு பாஸ்” என்றேன். “அவளுக்கு இன்னொரு பூ செஞ்சு தர்றேன், என் கையால, அவ பேருலயே. ஆனா இது முடியாது. வேலைக்கு ஆள் வேணும்னா எனக்கு ஆளனுப்புங்க. அதத் தனியாப் பேசுவோம். இதோட சேத்துப் பேசாதீங்க.”

அவர் எழுந்து போய்விட்டார். ஆள் இன்னும் வரவில்லை, வராமலும் போகலாம்.

சார் விண்ணப்பத்தை என் முன்னால் வைத்தார். பூவின் பெயர் என்று ஒரு கட்டம். பழக்க தோஷம், அமலோற்பவம் என்று எழுதத்தான் பேனாவைக் கொண்டுபோனேன். ஆறு வருஷமாக மனசுக்குள் அந்தப் பெயரால்தான் அதைக் கூப்பிட்டிருக்கிறேன். நீ எழுதியது ஞாபகம் வந்தது. காது சூடாகிவிட்டது. கூச்சத்தோடேயே எழுதினேன், பெரிய எழுத்தில், கட்டத்தை விட்டு வெளியே போகிற அளவுக்கு: ஜெசிந்தா.

“நல்லா தெளிவா இருக்கும்மா” என்றார் சார்.

நாளைக் காலை ஐந்தரைக்கு கேண்டீன். எனக்கு அதில் வெட்கம் இல்லை. டென்ட்ரோபியம் ஜெசிந்தா என்று லண்டன் பதிவேட்டில் ஒரு பூ ஏறப்போகிறது, அதைச் செய்தவள் செனாயில் தட்டு கழுவுகிறாள். மடத்தில் எல்லோருக்கும் சொல், அந்த இளம் சகோதரிக்கு முதலில் சொல். மதரிடம் அனுமதி கேட்டுவிட்டுச் சொல். கொடுக்காவிட்டாலும் சொல்.

உன் தங்கச்சி,
ஜெசிந்தா